படையிலிருந்து திரும்பியவருக்காகப் பேசுவது யார்? இந்திய முன்னாள் படைவீரர் அமைப்புகளும் தருமபுரியும்

பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும் படைவீரருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மிகப் பழையது. மன்னன் என்றார்கள், ஊர் என்றார்கள், ரெஜிமென்ட் என்றார்கள், அரசாங்கம் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பதில் வலுப்பெற்றது: திரும்பி வந்தவர்களே சங்கமாகக் கூடித் தமக்காகப் பேசிக்கொள்வது. ஆஸ்திரேலியாவில் 1916இலும், அமெரிக்காவில் 1919இலும், பிரிட்டனில் 1921இலும் அப்படிப்பட்ட தேசிய அமைப்புகள் பிறந்தன. அவற்றுள் அமெரிக்கன் லீஜன் இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. சட்டங்களை எழுதவைக்கும் வலிமையும் அதற்கு வந்துவிட்டிருந்தது.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போர்வீரர்களாகவும் பணியாட்களாகவும் சேர்க்கப்பட்டனர். இரண்டாம் போரில் அந்த எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியது. இருந்தும் இங்கே லீஜன் போன்ற ஓர் அமைப்பு உருவாகவில்லை. இங்கே முதலில் வந்தது அரசாங்கத்தின் வாரியம். வீரர்களின் லீக் அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. தெருவில் இறங்கிய இயக்கம் அதற்கும் நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் பிந்தியது. இந்த வரிசைக்கு ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை பஞ்சாபைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. தருமபுரி பஞ்சாப் அல்ல. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவதாகப் பேர்பெற்ற கம்மவான்பேட்டை போன்ற ஊர்களைக் கொண்ட வேலூர்ப் பக்கமும் அல்ல. ராணுவத்துக்கு ஆள் அனுப்பும், ஆனால் ராணுவ மாவட்டம் என்று பெயரெடுக்காத ஒரு சாதாரண மாவட்டம். இந்தியாவின் பெரும்பாலான மாவட்டங்கள் இப்படிப்பட்டவைதான் என்பதால், எந்த விளக்கமும் இங்கே செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

நடுகல் தரும் பதில்

இந்தக் கேள்விக்கான மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் சில தருமபுரி மண்ணிலேயே நிற்கின்றன. பழைய தகடூர் நாடும் அதை ஒட்டிய செங்கம் பகுதியும் தமிழகத்தில் நடுகற்கள் செறிந்த நிலம். பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைக் குறித்துத் தொடங்கும் பல கற்கள், ஆநிரை கவர்ந்த சண்டையிலோ மீட்ட சண்டையிலோ விழுந்தவரின் பெயரையும் ஊரையும் சொல்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இப்படிப்பட்ட கற்கள் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. இவ்வகைக் கொடைகளைப் பற்றிக் கல்வெட்டுகள் தரும் சொற்கள் கவனிக்கத்தக்கவை. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி, கல்நாடு என்றெல்லாம் அவை குறிப்பது, இறந்த வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை. சிந்திய ரத்தத்துக்கு ஈடாக நிலம் என்ற ஏற்பாடு அது.

இதை இன்றைய போர்க்கால நிவாரணத்தின் முன்னோடி என்று எழுதுவோர் உண்டு. ஓரளவு சரி. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. நடுகல் செத்தவனுக்கானது. காலிழந்து உயிரோடு திரும்பியவனுக்கும், வயதாகி வில்லைக் கீழே வைத்தவனுக்கும் ஊர் என்ன செய்தது என்று அந்தக் கற்கள் பேசுவதில்லை. இந்த இடைவெளி பழங்காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1999 கார்கில் போரில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குப் பெட்ரோல் பங்க் வரை ஒதுக்கப்பட்டது. அதே காலத்தில் உயிரோடிருந்த ஓய்வூதியர்கள் தங்கள் கணக்கைச் சரிசெய்யக் கோரிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தியாகத்தைக் கொண்டாடுவது சமூகத்துக்கு எளிது, முதுமையைப் பராமரிப்பது கடினம்.

கிழக்கிந்தியக் கம்பெனி இதற்கு வேறொரு பதில் கொண்டுவந்தது. வடக்கே பாகல்பூர்ப் பகுதியில் உடல்தளர்ந்த சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியதைச் சீமா அலவி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தக் குடியேற்றம் நன்றிக்கடனாக மட்டும் செய்யப்பட்டதல்ல, காட்டோரப் பகுதியை அடக்கி வைக்கவும், புதிய சிப்பாய்களை ஈர்க்கவும் அது உதவியது என்பது அவர் வாதம். 1792இல், தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரித் திட்டத்தை வகுத்த காலத்தில், அதே கம்பெனிக்கு ஓய்வூதியம் என்பது ஆள்சேர்ப்பின் ஒரு கருவியாகவும் இருந்தது. இந்த முடிச்சு பின்னாளில் இன்னும் இறுகியது.

ஆள்சேர்ப்பு வாரியத்தின் வழித்தோன்றல்

1917இல், முதல் உலகப் போருக்கு ஆள் போதாமல் திணறிய வேளையில், மத்திய ஆள்சேர்ப்பு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் 1919இல் அதன் இடத்தில் இந்தியப் படைவீரர் வாரியம் வந்தது. பணியிலிருப்போர், விடுவிக்கப்பட்டோர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் நலன்குறித்து அரசுக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. 1951இல் கடற்படையினரையும் விமானப்படையினரையும் பெயரில் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் இயங்கத் தொடங்கியது. 1975இல் கேந்திரிய சைனிக் போர்டு என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அதன் கீழே மாநில வாரியங்களும் மாவட்ட வாரியங்களும். மாவட்ட வாரியத்தின் தலைவர் அன்றும் இன்றும் ஆட்சியர்.

ஆக, அமெரிக்க வீரர்கள் பாரிசில் கூடி லீஜனைத் தொடங்கிய அதே 1919இல், இந்திய வீரர்களுக்காக அரசு தன் அமைப்பைத் தொடங்கிவிட்டது. ஆள் சேர்த்த இயந்திரத்தையே திருப்பிவைத்து நலத்துறை ஆக்கியது. இந்தியாவில் சுயேச்சையான முன்னாள் வீரர் அமைப்பு வளராததற்கு முதல் காரணம் இதுவே என்று ஒரு தரப்பு சொல்கிறது. இத்தரப்பின் வலுவான நூல் டான் தாய் யோங் எழுதிய பஞ்சாப் ஆய்வு. பஞ்சாபின் மாவட்ட வாரியங்கள் வெறும் குறைகேட்கும் இடங்களாக இல்லை, ராணுவ மக்களை அரசியல் கிளர்ச்சியிலிருந்து விலக்கி வைக்கும் நிர்வாக வலையாக இயங்கின என்று அவர் காட்டுகிறார். கதர் புரட்சி இயக்கமும் போருக்குப் பிந்தைய கொந்தளிப்பும் அரசை அச்சுறுத்திய சூழலில், கால்வாய்க் குடியேற்றங்களில் நிலம், வாரியத்தில் ஒரு நாற்காலி, ஆட்சியரிடம் நேரே போய்ப் பேசும் உரிமை ஆகியவை திரும்பி வந்தவர்களை அரசின் பக்கம் நிறுத்தின.

இந்த விளக்கம் பஞ்சாபுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தருமபுரியை உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்துக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வேறு கேள்வி.

மதராஸ் மாவட்டங்களின் வேறுபாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் படையின் கதை மாறியது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், பின்னர் இந்தியப் படைத்தலைவரானதும் தென்னிந்தியரைவிட வடமேற்கு இனத்தவரே போருக்கு ஏற்றவர் என்ற ‘போர்க்குடி’ கருத்தைக் கொள்கையாக்கினார். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சியவையும் 1920களின் இறுதிக்குள் கலைந்தன. பெங்களூரைத் தளமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைதான் பெரிதாக நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின் தேவைக்காக 1941, 42இல் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. அந்தப் போரில் ஆள்சேர்ப்பில் மதராஸ் மாகாணம் பஞ்சாபுக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்தது.

இதன் விளைவு என்ன? பஞ்சாபில் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை பென்ஷன் வாங்கியது. வாரியம் இடையறாது இயங்கியது. சேலம் ஜில்லாவிலோ ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் காலாட்படையின் வாசல் மூடிக் கிடந்தது. ஆகவே ‘அரசு முந்திக்கொண்டு வீரர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டது’ என்ற விளக்கம் இங்கே பாதிதான் பொருந்துகிறது. இங்கே அரசு கைக்குள் போட்டுக்கொள்ளத் தேவையான அளவுக்கு வீரர் கூட்டமே அன்று இல்லை. 1945க்குப் பிறகு திடீரென்று கூட்டம் வந்தது. அதுவும் பெரும்பாலும் சில ஆண்டுகள் மட்டும் பணியாற்றி, பென்ஷன் இல்லாமல் விடுவிக்கப்பட்ட கூட்டம்.

அவர்களுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை வரலாறு சற்று அலட்சியமாகவே கடந்துபோயிருக்கிறது. நாம் இன்று பதிவு புதுப்பிக்கப் போகும் வேலைவாய்ப்பு அலுவலகம், 1945இல் விடுவிக்கப்பட்ட படையினருக்கு வேலை தேடித்தரவே தொடங்கப்பட்டது. 1948இல்தான் அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது. மதராஸ் மாகாணத்தில் முன்னாள் ராணுவத்தினரின் மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களும் நிலக்குடியேற்றக் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் ஊரில் பஸ் ஓட்டட்டும், நிலமில்லாதவர் கூட்டாக நிலம் பெறட்டும் என்பது யோசனை. உறுப்பினர்களே பங்குதாரர்களான இந்தச் சங்கங்கள், லீஜனின் கிளைகளுக்கு மிக நெருங்கிய நம்மூர் வடிவம் என்று சொல்லலாம். அவை ஏன் உரிமைக் குரலாக மாறாமல் வெறும் தொழில் அமைப்புகளாகவே நின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. என் ஊகம், கடனும் உரிமமும் அரசின் கையில் இருந்த இடத்தில் குரல் உயர்த்துவது கடினமாக இருந்திருக்கும் என்பது.

இன்னொரு பாதையையும் இங்கே குறிப்பிட வேண்டும். படைவீரர்கள் ‘படைவீரர்’ என்ற பெயரில் அல்லாமல், சாதியின் பெயரில் அணிதிரண்ட பாதை. மராட்டியப் பகுதியின் மகர் சாதியினரைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டபோது, ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு ஒன்றை உருவாக்கினார். அதற்கு நான்காண்டு முன்பே அவர் ஓர் அமைப்பையும் கண்டிருந்தார். சமூக ஏணியில் ஏறும் படியாக ராணுவப் பணியை ஒடுக்கப்பட்ட சாதிகள் கையாண்டதை ஸ்டீபன் கோஹன் 1969இல் எழுதிய கட்டுரை தெளிவாகக் காட்டுகிறது. மதராஸ் சாப்பர்ஸ் படையிலும் பயனீர் படைகளிலும் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதால் இந்தப் பாதை தமிழகத்துக்கும் பொருந்தக்கூடியதே. சாதி அமைப்பு வலுவாக இருக்கும் இடத்தில் முன்னாள் வீரர் அமைப்பு வலுவிழக்கும் என்று இதிலிருந்து ஒரு கருதுகோள் எழுகிறது. தருமபுரி போன்ற, தேர்தல் கணக்கு பெரிதும் சாதியால் போடப்படும் மாவட்டத்தில் இது நம்பும்படி இருக்கிறது. ஆனால் நம்பும்படி இருப்பது வேறு, நிறுவப்பட்டது வேறு.

கரியப்பாவின் லீக்

விடுதலைக்குப் பின் வந்த முக்கிய முயற்சி ஜெனரல் கே. எம். கரியப்பாவுடையது. இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான அவர் 1953 ஜனவரி 14 அன்று ஓய்வுபெற்றார். அந்த நாளே இன்று முன்னாள் படைவீரர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. தமிழகத்தில் அது பொங்கல் பரபரப்பில் கரைந்துபோகிறது. 1964இல் அவர் முன்னின்று உருவாக்கியது இந்திய எக்ஸ்-சர்வீசஸ் லீக். 1921இல் கேப்டவுனில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் பேரரசுச் சேவையாளர் லீக், பின்னாளில் காமன்வெல்த் அமைப்பாக மாறியது. அந்தக் குடும்பத்தோடு இணைந்ததே இந்திய லீக். மாநிலந்தோறும் கிளைகள் அமைந்தன, தமிழகத்திலும் ஒன்று. அரசு இதை அங்கீகரித்துக் கலந்து பேசும் அமைப்பாக ஏற்றது.

லீக்கின் நோக்கம் கண்ணியமானது. கட்சி அரசியல் கூடாது, கட்டுப்பாடு குலையக் கூடாது, கோரிக்கைகள் உரிய வழியில் போக வேண்டும். இதன் பலன், படையின் அரசியல் சாராத தன்மை ஓய்வுக்குப் பிறகும் காக்கப்பட்டது. ஸ்டீவன் வில்கின்சன் போன்றோர் இந்திய ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றாமல் இருந்ததற்கான காரணங்களை ஆராயும்போது பெரிதும் படையின் உள்கட்டமைப்பையே பார்க்கிறார்கள். ஓய்வுபெற்றோரின் அமைப்புகள் அரசியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதையும் அந்தக் கணக்கில் சேர்க்க இடமிருக்கிறது. 1930களின் ஐரோப்பாவில் சில முன்னாள் வீரர் அமைப்புகள் பாசிச அரசியலில் போய் முடிந்தன என்பது தெரிந்ததே. பிரெஞ்சு வீரர்கள் பெரும்பாலும் போர் வெறுப்பாளர்களாகவே இருந்தார்கள் என்று அந்துவான் ப்ரோஸ்ட் காட்டியபின் அந்தப் பொதுச் சித்திரமும் ஒருதலையானது என்று ஆகிவிட்டது. இருந்தாலும், கரியப்பாவின் தலைமுறைக்கு அந்த அச்சம் உண்மையானதாகவே இருந்திருக்கும்.

குறை என்னவென்றால், உரிய வழியில் போகும் கோரிக்கை உரிய வேகத்தில்தான் போகும். அலகாபாத்தில் இருக்கும் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ கடிதம் எழுதும் ஒரு ஹவில்தாருக்கு, தில்லியில் அமைச்சரோடு தேநீர் அருந்தும் லீக் எவ்வளவு அருகில் இருந்தது?

லீஜன் ஏன் இங்கே பிறக்கவில்லை

ஒப்பீட்டு ஆய்வுகள் இங்கே உதவுகின்றன, சற்றுக் குழப்பவும் செய்கின்றன. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வீரர்களின் அமைப்பு 1890 வாக்கில் நான்கு லட்சம் உறுப்பினர்களைத் தொட்டது. அந்த வீரர்களுக்கான ஓய்வூதியம் ஒரு கட்டத்தில் கூட்டாட்சி அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்களவு ஆனது. அமைப்பின் வலிமை மட்டுமே இதைச் சாதிக்கவில்லை, வாக்குக்காகப் போட்டியிட்ட கட்சிகள் பென்ஷனைப் பங்கு போட்டன என்பது தீடா ஸ்கோச்போலின் முடிவு. அப்படியானால் இந்தியாவில் கட்சிகள் ஏன் அப்படிப் போட்டியிடவில்லை? எண்ணிக்கை என்பது எளிய பதில். அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஒரு தலைமுறையே போருக்குப் போனது. இங்கே கட்டாயப் படைச்சேவை இருந்ததில்லை. தமிழகத்தில் முன்னாள் படைவீரர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். பல கோடி வாக்காளர்களிடையே, 38 மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் அந்த எண்ணிக்கை ஒரு தொகுதியைக்கூட அசைப்பது அரிது.

எண்ணிக்கை வாதத்துக்கு ஓர் எதிர்ச்சான்று சீனா. அங்கே முன்னாள் வீரர்கள் கோடிக்கணக்கில் இருந்தும் அமைப்பு இல்லை, ஏனெனில் கட்சி அனுமதிக்கவில்லை என்று நீல் டயமன்ட் எழுதுகிறார். இந்தியாவோ தடைசெய்யவில்லை. தடைக்கும் ஊக்கத்துக்கும் இடையில் வேறொன்றைச் செய்தது: தானே அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

டெபோரா கோஹனின் 2001ஆம் ஆண்டு நூல் இந்த விவாதத்தையே திருப்பிப் போடுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி தன் ஊனமுற்ற வீரர்களுக்கு நல்ல ஓய்வூதியம் தந்தது, அவர்கள் அரசை வெறுத்தார்கள். பிரிட்டன் குறைவாகத் தந்தது, அவர்கள் அமைதியாக இருந்தார்கள். அங்கே பொதுமக்களின் கொடையும் தொண்டும் அவர்களைச் சமூகத்தோடு பிணைத்தன என்பது அவர் விளக்கம். ஜெர்மனியில் அரசு எல்லாவற்றையும் தன்வசப்படுத்தியதால் அந்தப் பிணைப்பு அறுந்தது. இதை இந்தியாவில் பொருத்திப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது. இங்கே பொதுமக்களின் கொடையையும் அரசுதான் வசூலிக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். ஆட்சியர் உண்டியலில் பணம் போட்டுத் தொடங்கிவைப்பார். பிறகு துறைதோறும் கொடிநாள் வசூல் இலக்கு நிர்ணயிக்கப்படும். நிதி சேர்கிறது, நலத்திட்டங்களுக்குப் போகிறது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கோஹன் சொல்லும் அந்த நேருக்கு நேர் பிணைப்பு, இலக்கு வைத்த வசூலில் உண்டாகுமா என்பது ஐயம்.

ஆய்வாளர்கள் அதிகம் பேசாத காரணம் ஒன்றும் உண்டு: ரெஜிமென்ட். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், சாப்பர்ஸுக்குப் பெங்களூர் என்று ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தாய்வீடு இருக்கிறது. ஆவணப் பிரிவும், கைம்பெண்களுக்கான உதவியும், பழையோர் கூடலும் அங்கேயே நடக்கின்றன. தருமபுரிக்காரருக்குப் பெங்களூர் சில மணி நேரப் பயணம். விசுவாசம் ரெஜிமென்டுக்குப் போய்விட்டால், ‘முன்னாள் வீரர்’ என்ற பொது அடையாளத்துக்கு மிச்சம் குறைவு. நான் பார்த்த அளவில், தென்மாவட்டங்களைப் பொறுத்தவரை அரசு வாரியத்தை மையமாக்கும் விளக்கத்தைவிட இது கூடுதலாக ஆராயப்பட வேண்டியது.

ஜந்தர் மந்தர்

1973இல் மூன்றாம் ஊதியக் குழுவுக்குப் பிறகு படையினரின் ஓய்வூதிய விகிதம் குறைக்கப்பட்டது என்பது முன்னாள் வீரர்களின் நீண்டகாலக் குறை. கடைசி ஊதியத்தில் 70 விழுக்காடாக இருந்தது 50 ஆனது என்பார்கள். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதில் தகராறு உண்டு என்றாலும், 35, 40 வயதிலேயே அனுப்பப்படும் ஜவானுக்கும் 60 வயது வரை வேலைசெய்யும் அரசு ஊழியருக்கும் ஒரே அளவுகோல் நியாயமா என்ற கேள்வி நின்றது. ஒரே பதவியில் ஒரே கால அளவு பணியாற்றியவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆண்டு எதுவானாலும் ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை அதிலிருந்து வளர்ந்தது.

லீக்கின் அமைதியான வழி போதாது என்று கருதியோர் 2008இல் இந்திய எக்ஸ்-சர்வீஸ்மென் இயக்கத்தைக் கண்டார்கள். 2009இல் பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடம் திருப்பி அளித்தார்கள். 2011 டிசம்பரில் பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு கோரிக்கையை ஏற்றுப் பரிந்துரைத்தது. 2015 ஜூன் 15இல் தில்லி ஜந்தர் மந்தரில் தொடர் போராட்டம் தொடங்கியது. ஆகஸ்ட் 14 அன்று முதியவர்களைக் காவலர்கள் அப்புறப்படுத்த முயன்ற காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. செப்டம்பர் 5இல் அரசு திட்டத்தை அறிவித்தது, நவம்பர் 7இல் ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் நடைமுறை. ஆண்டுதோறும் சமன்செய்யாமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பதை எதிர்த்த வழக்கில், 2022 மார்ச் 16இல் உச்ச நீதிமன்றம் அது அரசின் கொள்கை முடிவு என்று ஏற்றுக்கொண்டது. 2019 ஜூலை 1 முதல் மறுநிர்ணயம் செய்யவும் சொன்னது.

இதிலிருந்து ‘தெருவில் இறங்கினால்தான் நடக்கும்’ என்ற நிலைப்பாடு வலுப்பெற்றது. அமெரிக்க ஒப்புமையும் அதற்குத் துணை நிற்பதுபோல் தோன்றும்: 1932இல் போனஸ் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்ட முன்னாள் வீரர்களை லீஜனின் தலைமை நடத்தவில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1944இன் புகழ்பெற்ற வீரர் மறுவாழ்வுச் சட்டத்தை வரைந்தவர் லீஜனின் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மெரி. முற்றுகை கவனத்தை ஈர்த்தது, சட்டத்தை எழுதியது அமைப்பு. இரண்டில் ஒன்று போதும் என்று வாதிடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்திய இயக்கத்தின் பலவீனம் அதன் தலைமையிலேயே தெரிந்தது. லெப்டினன்ட் ஜெனரல் ராஜ் காத்யான், மேஜர் ஜெனரல் சத்பீர் சிங் என்று முன்னின்றவர்கள் உயரதிகாரிகள். பந்தலில் பெருவாரியாக உட்கார்ந்திருந்தவர்கள் ஜவான்களும் இளநிலை அதிகாரிகளும். 2023இல் மறுநிர்ணயத்தின் பலன் மேலேயே நின்றுவிட்டது என்று சொல்லி, அவர்கள் தில்லியில் தனியே திரண்டார்கள். அவர்கள் சுட்டிய இன்னொரு கணக்கு ராணுவப் பணி ஊதியம்: ஏழாவது ஊதியக் குழுவின்படி அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், ஜவானுக்கு 5,200. குண்டு பதவி பார்த்துப் பாய்வதில்லை என்ற அவர்கள் வாதத்துக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. தருமபுரி போன்ற இடத்திலிருந்து போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜவான்களாகவே ஓய்வுபெறுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிளவு தலைவர்களின் மனத்தாங்கல் மட்டும் அல்ல.

ஆட்சியர் வளாகத்தில்

இத்தனை நிலைப்பாடுகளுக்கும் பிறகு, மாவட்டத்தில் ஒரு முன்னாள் வீரர் உண்மையில் போகும் இடம் எது? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அடையாள அட்டை, பிள்ளைகளின் கல்லூரி ஒதுக்கீட்டுக்கான சார்ந்தோர் சான்று, கல்வி உதவித்தொகை, கைம்பெண்களுக்கான உதவி, மருத்துவத் திட்டத்துக்கான தாள்கள் எல்லாம் அங்கே. ஆட்சியர் தலைமையில் முன்னாள் படைவீரர்களுக்கெனச் சிறப்புக் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே வரும் மனுக்களில் பலவும் பட்டா, பாதை, ஆக்கிரமிப்பு பற்றியவை. ஓய்வூதியம் மாநில அரசின் கையில் இல்லை என்பதால் அது பற்றிய மனு மேலே அனுப்பப்படும்.

மாநிலம் தன் பங்குக்குச் செய்தவை குறைவில்லை. 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் முன்னாள் வீரர்களைக் காவலர்களாக அனுப்புகிறது. 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனுக்கு மானியம் தருகிறது. ஒன்றிய அரசின் பக்கம் 2003இல் மருத்துவத் திட்டம், 2004இல் தனித்துறை. ஓய்வூதியம் இல்லாத 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 4,000 ரூபாயாக இருந்த வறுமை உதவி 2025இல் இரட்டிப்பானது.

இவற்றைப் பட்டியலிட்டால் அரசுவழி ஏற்பாடே போதும் என்ற நிலைப்பாடு வென்றுவிட்டதுபோல் இருக்கும். சேவை என்ற அளவில் அதற்கு நியாயமுண்டு, சுயேச்சைச் சங்கம் எதுவும் தருமபுரி போன்ற மாவட்டத்தில் இத்தனை வேலையைச் செய்திருக்க முடியாது. குரல் என்ற அளவில் நிலை வேறு. வாரியத்தின் தலைவரும் அவரே, மனுவைப் பெறுபவரும் அவரே, மனுவில் குற்றம்சாட்டப்படும் வருவாய்த்துறையின் தலைவரும் அவரே என்றால், எதிர்த்துப் பேசும் நாற்காலி அந்த அறையில் யாருக்கும் இல்லை. ஊர்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் நலச் சங்கங்கள் இந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. அஞ்சலிக் கூட்டம், குடியரசு தின அணிவகுப்பு, ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் ஆயுள்சான்று பதியத் தெரியாத முதியவருக்கு உதவி என்று அவற்றின் வேலை பெரும்பாலும் அன்றாடத்தைச் சார்ந்தது. அதை யாரும் வரலாறாக எழுதவில்லை.

தீராத கணக்குகள்

எழுதுவதில் சிக்கல்களும் உள்ளன. தருமபுரி 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. ஆகவே ‘தருமபுரி மாவட்டத்தின் முன்னாள் வீரர்கள்’ என்று தொடர்ச்சியான ஒரு எண்வரிசையை எடுத்து, பஞ்சாப் மாவட்டங்களுக்குச் செய்ததுபோல் ஒப்பிட முடியாது. பழைய சேலம் ஜில்லாவின் தாள்களிலிருந்து தாலுகாவாரியாகப் பிரித்தெடுத்துச் செய்யப்படும் ஆய்வே பயன் தரும். பெண்களின் இடமும் இந்த இலக்கியத்தில் சிறியது. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையும் கைம்பெண், ஆண்கள் நடத்தும் சங்கத்தில் உறுப்பினரா, பயனாளியா என்ற கேள்வியை லீக், இயக்கம் இரண்டைப் பற்றியும் எழுதியோர் அரிதாகவே எழுப்பியிருக்கிறார்கள்.

தற்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே. அரசு முந்திக்கொண்டது என்ற விளக்கம் இந்தியா முழுமைக்கும் அடிப்படையாக நிற்கிறது, ஆனால் தெற்கில் அதைத் தனியே நம்ப முடியாது. மதராஸ் ஆள்சேர்ப்பின் இடைமுறிவு, ரெஜிமென்டின் ஈர்ப்பு, சிதறிய எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். சாதி பற்றிய கருதுகோள் கவர்ச்சியானது, சான்று போதாது. லீக்கா இயக்கமா என்ற வழக்கில் இரண்டு பக்கமும் மற்றதன் உதவியில்லாமல் வென்றதில்லை.

இந்தக் கணக்கு முழுவதையும் மாற்றக்கூடியது 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத். நான்காண்டுப் பணி, நால்வரில் ஒருவருக்கே தொடர வாய்ப்பு. வெளியே வருவோருக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, மருத்துவத் திட்டமும் கேன்டீனும் இல்லை. ‘சேவா நிதி’யாக 11 லட்சத்துச் சொச்சம் மட்டும். 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்காண்டு முடியும்போது, இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் மாவட்டங்களுக்குத் திரும்புவார்கள். வாரியத்தின் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. ஓய்வூதியத்துக்காக எழுந்த இயக்கத்தின் கோரிக்கை அவர்களுக்குப் பொருந்தாது. 1945இல் பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகமும் கூட்டுறவுச் சங்கமும் திறக்கப்பட்டன. இவர்களுக்குத் துணை ராணுவப் படைகளிலும் சில மாநிலக் காவல்துறைகளிலும் ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டுள்ளது. இவர்கள் சங்கம் கூடுவார்களா, கூடினால் அது லீக்கின் வடிவம் எடுக்குமா, இயக்கத்தின் வடிவமா, அல்லது படையோடு தொடர்பற்ற வேலையில்லாத் திண்டாட்டத்தின் பொதுக்குரலில் கலந்துவிடுமா என்பதைப் பற்றி இதுவரையிலான எந்தக் கோட்பாடும் உறுதியாக எதையும் சொல்லவில்லை.